கதவுக்கு அப்பால் ஒரு புள்ளி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கையில், பினாங்குத் தீவின் ரெலாவில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தபடி, ஒரு கணினி ஆட்டத்தில் ஐந்து மணி நேரமாகப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டியிருந்த ஒரு ரோபோவைப் பறிகொடுத்தேன். அதை வீழ்த்தியவை பெயர்பெற்ற எதிரிகள் அல்ல. எந்தத் தளத்திலும் ரோந்து வருகின்ற சாதாரணக் காவல் ரோபோக்கள் மூன்றுதாம். சாகும்போது என் பையில் பொருத்தப்படாத உதிரிப் பாகங்கள் நான்கு இருந்தன. அவற்றில் இரண்டு, பறப்பதற்கான பொறிகள். மாட்டியிருந்த கனமான பீரங்கிகளைக் கழற்றி எறிந்துவிட்டு அவ்விரண்டையும் பொருத்தியிருந்தால் அந்த மூன்றும் என்னை எட்டிப் பிடித்திருக்க முடியாது. பீரங்கிகளை எறிய எனக்கு மனம் வரவில்லை. பொறிகளையோ பின்னால் தேவைப்படும் என்று எடுத்துவைத்திருந்தேன்.

இதை எழுதும் நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாக வேலை செய்பவன். விரல் நுனி அளவு சென்சார் ஒன்று கையிருப்பில் இல்லாமல் ஓர் உற்பத்தி வரிசை இரண்டு மணி நேரம் நின்றுபோனால் யார் யாரெல்லாம் தொலைபேசியில் அழைப்பார்கள், எந்தக் குரலில் பேசுவார்கள் என்பதை நன்கு அறிந்தவன். பழுதானதைச் சரிசெய், உதிரிப் பாகத்தை எறியாதே, என்றைக்காவது உதவும் என்பதே இந்தத் தொழிலில் எனக்கு முதலில் சொல்லித்தரப்பட்ட பாடம். அந்தப் பாடத்தை வைத்தே என்னைத் திரும்பத் திரும்பக் கொல்லுகின்ற ஓர் ஆட்டத்தை நான் மூன்று ஆண்டுகளாக விடாமல் ஆடிவருவது ஏன் என்று என் மனைவிக்கு விளங்கவில்லை. சில இரவுகளில் எனக்கும் விளங்குவதில்லை.

ஆட்டத்தின் பெயர் காக்மைண்ட். கிரிட் சேஜ் கேம்ஸ் என்ற பெயரில் பெரும்பாலும் ஒருவரே உருவாக்கிவரும் ஆட்டம் இது. 2012 இல், ஏழே நாள்களில் ஓர் ஆட்டத்தை முடித்துக் காட்ட வேண்டும் என்ற ஆண்டுப் போட்டி ஒன்றுக்காகச் சிறிய அளவில் செய்யப்பட்டது. 2015 இல் முழு அளவிலான ஆட்டமாக விற்பனைக்கு வந்தது. 2017 இல், கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையத்தளத்தை அடைந்தது. இன்றுவரை அது வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. இவ்வகை ஆட்டங்களுக்கு ரோக்லைக் என்று பெயர். 1980 இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய ரோக் என்ற ஆட்டம்தான் இவற்றுக்கெல்லாம் மூத்தது என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் படம் இல்லை, பாட்டு இல்லை. சுவரும் பூதமும் புதையலும் எல்லாம் எழுத்துகள்தாம். ஆடுபவரைக் குறிப்பது, மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வருகின்ற அந்தச் சுழித்த குறி. ஒவ்வொரு முறையும் சுரங்கம் புதிதாக அமையும். செத்தால் செத்ததுதான், விட்ட இடத்திலிருந்து தொடர வழி கிடையாது. எது உண்மையான ரோக்லைக், எது போலி என்று 2008 இல் பெர்லினில் கூடிப் பேசி ஒரு பட்டியலே வகுத்தார்கள். சைவ உணவகத்தில் வெங்காயம் சேர்க்கலாமா என்ற விவாதத்தைப்போல அது இன்னும் முடிந்தபாடில்லை. அதற்குள் நான் போகவில்லை.

காக்மைண்டில் நாம் ஒரு ரோபோ. குப்பைமேட்டின் நடுவில், அநேகமாக வெறும் உடலோடு விழித்தெழுகிறோம். நிலத்துக்கு அடியில் மிகப் பெரிய இயந்திர வளாகம் ஒன்று தளம் தளமாக அமைந்திருக்கிறது. கீழ்த் தளத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏறி மேற்பரப்பை அடைந்து வெளியேற வேண்டும் என்பதுதான் நோக்கம். தொடக்கத்தில் நம் உடம்பில் பாகம் பொருத்துவதற்கு 7 இடங்கள் இருக்கும்: மின்சக்திக்கு ஒன்று, நகர்வதற்கு இரண்டு, துணைக் கருவிகளுக்கு இரண்டு, ஆயுதங்களுக்கு இரண்டு. மேலே ஏற ஏற இடங்கள் கூடி, கடைசித் தளங்களில் 26 வரை போகும். எந்த வகை இடத்தைக் கூட்டுவது என்பது நம் விருப்பம். ஆனால் எடுத்த முடிவை மாற்ற முடியாது.

மற்ற ஆட்டங்களில் எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி சேரும், நாயகன் வலுவடைவான். இங்கே அப்படி எதுவும் கிடையாது. கொன்றதால் கிடைப்பது உடைந்து சிதறிய பாகங்கள் மட்டுமே. அவற்றைப் பொறுக்கி மாட்டிக்கொண்டால் அதுவே நம் கை, அதுவே நம் கால். எதிரியின் குண்டு நம் மேல் பாயும்போது உயிர் என்ற ஒற்றை எண் குறைவதில்லை. குண்டு ஏதோ ஒரு பாகத்தைத் தாக்குகிறது, அந்தப் பாகம் தேய்ந்து தேய்ந்து ஒரு கட்டத்தில் ஒழிந்துபோகிறது. எந்தப் பாகம் அடிபடும் என்பதற்கும் கணக்கு உண்டு. உடம்பில் அதிகப் பரப்பை மறைக்கும் பாகம் அதிகம் அடிவாங்கும். அதனால்தான் கவசத் தகடு பெரியதாக இருக்கிறது, நுட்பமான சென்சார் சிறியதாக இருக்கிறது. நடுவிலிருக்கும் மையம் உடைந்தால் கதை முடிந்தது.

மூன்று வளங்களை எப்போதும் கவனத்தில் வைத்திருக்க வேண்டும். ஆற்றல் இல்லையென்றால் கதிர் ஆயுதம் சுடாது. பருப்பொருள் இல்லையென்றால் பீரங்கி சுடாது, புதிய பாகத்தையும் பொருத்த முடியாது. வெப்பமோ கூடிக்கொண்டே போனால் உடம்பில் ஏதேதோ கோளாறுகள் தொடங்கும். முதன்முதலாக ஆடியபோது, கண்ணில் பட்ட கதிர்த் துப்பாக்கிகளையெல்லாம் மாட்டிக்கொண்டு ஒரே நேரத்தில் சுட்டு, எதிரி ஒருவனும் தொடாமலே சூடேறித் திணறினேன். தொழிற்சாலையில் குளிர்விக்கும் விசிறி நின்றுபோன மோட்டாரின் முன் நின்று அதே தவற்றுக்காக வேறொருவரைக் கடிந்துகொண்டவன் நான்.

நகர்வதில்தான் இந்த ஆட்டத்தின் அழகு முழுமையாகத் தெரிகிறது. கால், சக்கரம், சங்கிலித் தடம், மிதக்கும் பொறி, பறக்கும் பொறி என ஐந்து வழிகள் உண்டு. சங்கிலித் தடம் பெரும் பாரத்தைத் தாங்கும், ஆனால் ஊர்ந்துதான் போகும். பறக்கும் பொறி சிட்டுக்குருவி போலப் போகும். ஆனால் ஒரு கனமான ஆயுதத்தை ஏற்றினாலே தள்ளாடும். எனவே காலை மாற்றினால் கையை மாற்ற வேண்டியிருக்கும், கையை மாற்றினால் மின்கலத்தை மாற்ற வேண்டியிருக்கும். சென்ற ஆண்டு ஓர் ஆட்டத்தில் கவசமும் பீரங்கியுமாக ஒரு டாங்கியாகத் தொடங்கினேன். மூன்றாவது தளத்தில் தடங்கள் இரண்டும் உடைந்தன. அருகில் கிடந்தவை வேறு ஏதோ ஒரு ரோபோவின் மிதக்கும் பொறிகள் மட்டுமே. வேறு வழியின்றி அவற்றை மாட்டிக்கொண்டு, பீரங்கிகளை விட்டுவிட்டு, கிடைத்த சென்சார்களையும் ஹேக் செய்யும் கருவிகளையும் பூட்டிக்கொண்டு, ஒளிந்து ஒளிந்து நழுவிப் போகும் ஒற்றனாக மாறினேன். நான் திட்டமிட்டு ஆடிய எந்த ஆட்டத்திலும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை.

இன்னொன்று வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பாகங்கள் எல்லாவற்றையும் இழந்து வெறும் மையமாக நிற்கும்போது இந்த ரோபோ மிக வேகமாக நகரும். பாரம் இல்லை, இழுத்துப்பிடிக்க எதுவும் இல்லை. வெளியேறும் வழி தெரிந்திருந்தால், துப்பாக்கி ஏந்திய கூட்டத்தின் நடுவே அம்மணமாக ஓடித் தப்பித்துவிடலாம். அடுத்த தளத்தில் மையம் முழுமையாகச் சீராகிவிடும், பொறுக்குவதற்குப் புதிய குப்பையும் இருக்கும். நன்றாக ஆடுபவர்கள் இதை ஓர் உத்தியாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கோ, உடைந்துபோன பாகத்துக்கு இணையான இன்னொன்றைத் தேடி அதே தளத்தில் இருநூறு முறை சுற்றுவதுதான் இன்னும் இயல்பாக வருகிறது. அப்படிச் சுற்றுகையில்தான் பெரும்பாலும் சாகிறேன்.

என் அம்மா 1979 இல், பதினெட்டு வயதில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனவர். 1972 இல் அந்தத் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கப்பட்ட பிறகு தோட்டத்திலிருந்தும் கம்பம் எனப்படும் கிராமத்திலிருந்தும் ஃபேக்டரி பஸ் ஏறி வந்த பெண்களில் ஒருவர். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சில்லுகளில் இணைக்கும் வேலை. ஒருநாள் மாலை நான் ஆடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று வெகுநேரம் திரையைப் பார்த்தார். காக்மைண்டின் வளாகத்தில் நம்மைத் துரத்தும் ரோபோக்களைவிடத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிற ரோபோக்களே அதிகம். குப்பையை அள்ளும் தொழிலாளிகள், இடிந்த சுவரைத் திரும்பக் கட்டும் பொறியாளர்கள், தரையில் கிடக்கும் பாகங்களைப் பொறுக்கிக்கொண்டு போகும் மறுசுழற்சி ரோபோக்கள், பாகங்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லும் பாரந்தூக்கிகள் என்று ஒரு தொழிற்சாலையே நம்மைச் சுற்றி இயங்கிக்கொண்டிருக்கும்.

"இது யாரு தம்பி, இப்படி வேகமாப் போறது?" என்றார் அம்மா.

"சாமான் தூக்கிட்டுப் போற ரோபோம்மா. உள்ள நல்ல பார்ட்ஸ் இருக்கும்."

"உன்ன ஒண்ணும் செய்யலியே."

"செய்யாது. அதுக்கு ஆயுதமே கிடையாது."

"அப்புறம் அத ஏன் சுடப்போற? அதுபாட்டுக்கு வேலையப் பார்த்துட்டுப் போவுது."

நான் சுட்டேன். இரண்டு நல்ல கவசத் தகடுகள் கிடைத்தன. ஆயுதமற்ற ரோபோக்களைத் தாக்கினால் வளாகத்தின் எச்சரிக்கை நிலை உயரும் என்பதும், உயர்ந்தால் முதலில் விசாரிக்க ஒரு குழுவும் பிறகு ஒழித்துக்கட்ட ஒரு குழுவும் வரும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. அன்றைக்கு வந்த இரண்டாவது குழு என்னை அந்தத் தகடுகளோடு சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பியது. அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டார். அம்மாவின் கேள்வியை ஆட்டத்தை உருவாக்கியவரும் கேட்கிறார் என்றே நினைக்கிறேன். என்ன, அவர் அதைச் சொற்களால் கேட்பதில்லை.

இவ்வளவு துன்பத்தையும் தாங்க வைப்பது, இது முறை வைத்து ஆடும் ஆட்டம் என்பதுதான். நான் ஓர் அடி எடுத்து வைத்தால்தான் உலகம் ஓர் அடி நகரும். நான் விசையைத் தொடாதவரை, பாய்ந்து வந்த குண்டுகூட அந்தரத்தில் நிற்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு முறை என்பது 100 நேர அலகுகள். ஓர் அடி வைக்க எனக்கு 50 அலகுகளும் எதிரிக்கு 100 அலகுகளும் ஆகுமென்றால், அவன் ஓர் அடி வைப்பதற்குள் நான் இரண்டு அடி வைத்துவிடலாம். 12 மணி நேர ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறவனின் கை, இருபது வயதுப் பையனின் கையோடு வேகத்தில் போட்டிபோட முடியாது. இந்த ஆட்டத்தில் அது தேவையும் இல்லை. இடையில் குழந்தை அழுதால் எழுந்து போகலாம். ஒருமுறை எதிரிகள் ஐவர் சூழ்ந்து நிற்கையில் மடிக்கணினியை மூடிவைத்துவிட்டு, நண்பர்களோடு ஜார்ஜ் டவுனுக்குப் போய் நாசி கண்டார் கடையில் வரிசையில் நின்றேன். அந்த வரிசையிலேயே, எந்தச் சுவரை உடைத்தால் பக்கத்து நடைக்கூடத்தில் இறங்கலாம் என்ற யோசனை எனக்குத் தோன்றியது. வேறு எந்த ஆட்டமும் எனக்கு அந்த அவகாசத்தைத் தந்ததில்லை.

சிறு வயதில் பாட்டியோடு தாயம் ஆடியிருக்கிறேன். காய் வெட்டுப்பட்டால் பாட்டி தாயக்கட்டையைத்தான் திட்டுவார், தாம் காயை நகர்த்திய விதத்தைத் திட்டிக்கொண்டதாக நினைவில்லை. காக்மைண்ட் ஆடும்போது நானும் அந்தப் பாட்டிதான். குறிபார்த்தால் குண்டு தைக்கும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு என்று திரையில் காட்டிவிடுகிறார்கள். 90 விழுக்காடு என்று பார்த்துவிட்டுச் சுட்டு, தவறினால், என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே மனம் கொதிக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டால், 90 விழுக்காடு வாய்ப்புள்ள மூன்று குண்டுகளும் ஒன்றுவிடாமல் தைப்பதற்கான வாய்ப்பு 73 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. நான்கில் ஒரு தடவைக்கு மேல் ஏதேனும் ஒன்று தவறத்தான் செய்யும். ஆலையில் பழுது விகிதத்தைக் கணக்கிட்டு அறிக்கை எழுதுகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனாலும் விடியற்காலை மூன்று மணிக்கு அந்தத் தெளிவு வருவதில்லை.

இது கட்டையின் குற்றம் அல்ல. ஆனால் ஆட்டத்தின் குற்றங்கள் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவையும் சில உண்டு. ஓர் ஆட்டம் முழுமையாக மேலே போக என் வேகத்தில் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. ஏழாவது மணி நேரத்தில் இழப்பது வலிக்கும், அந்த வலி எனக்கு எதையும் கற்றுத்தருவதாகத் தோன்றவில்லை. திரையில் உள்ள எண்களும் சுருக்கெழுத்துகளும் புதியவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். என் 14 அங்குல மடிக்கணினியில் அவற்றைப் படிக்க முதல் ஆண்டிலேயே கண்ணாடி மாற்றினேன். வெளியேறும் வழி எங்கே என்று தெரியாமல் பெருந்தளம் ஒன்றை முழுக்க அலைவது, சில நேரங்களில் சிந்தனைக்கு வேலையே இல்லாத வெறும் அலைச்சல். முன்மாதிரி வகைப் பாகங்களைப் பொருத்திப் பார்த்தால்தான் அவை என்னவென்று தெரியும், அவற்றில் சில பழுதானவையாகவும் இருக்கும் என்ற விதி எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. சோதிக்காத பாகத்தை ஓடும் இயந்திரத்தில் மாட்டு என்று என்னிடம் சொன்னால் நான் என் மேற்பார்வையாளரிடமே சண்டைக்குப் போவேன்.

ஒரு குற்றம் என்னுடையது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில், சேமிப்புக் கோப்பை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்து, செத்ததும் அதைத் திரும்பக் கொண்டுவந்து தொடர்ந்தேன். தண்டனை குறைவான எளிய நிலைகள் ஆட்டத்திலேயே இருக்கின்றன, அவற்றில் ஆடியிருந்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் கடின நிலையில் ஆடுகிறேன் என்ற பெருமையும் வேண்டும், சாகவும் கூடாது என்பதுதான் என் ஆசையாக இருந்தது. நான்கு நாள்கள் அப்படி ஆடினேன். வளாகத்தின் எந்தக் கணினி முனையத்தை ஹேக் செய்தாலும், கண்டுபிடிக்கப்பட்டால் பின்னால் போய்க்கொள்ளலாம் என்பதால், திரையில் தெரியும் விழுக்காட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஐந்தாவது நாள் ஆட்டத்தைத் திறக்கவே தோன்றவில்லை. அந்த நகலை அழித்துவிட்டேன். அதை அழித்த பிறகு முதன்முதலாக ஒரு கதவைத் திறந்தபோது, விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்தேன்.

செத்தபின் இந்த ஆட்டம் ஒரு நீண்ட கணக்கை உரைக் கோப்பாக எழுதிக் கொடுக்கிறது. எத்தனை அடி நடந்தோம், எத்தனை பாகம் மாட்டினோம், எத்தனை இழந்தோம், எந்தத் தளத்தில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று வரிவரியாக இருக்கும். நான் அவற்றையெல்லாம் ஒரு கோப்புறையில் சேர்த்துவைத்திருக்கிறேன். உதிரிப் பாகங்களைச் சேர்க்கும் அதே நோய்தான் என்பது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை செத்த அந்த ரோபோவின் கணக்கைப் படித்தபோது, என் நேரத்தில் பெரும்பங்கு ஒரே தளத்தில், பாகம் தேடி அலைந்ததில் கழிந்திருந்தது. அந்தத் தளத்தில் மேலே போகும் வழி, அங்கே நுழைந்த முதல் கால் மணி நேரத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

இப்போது புதிதாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பறக்கும் பொறிகள், ஒரு சென்சார், ஒரே ஒரு சிறு துப்பாக்கி. பையில் மூன்று இடங்கள் காலி. இவ்வளவு வெறுமையாக நான் இந்த உயரத்துக்கு வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை இரவு ஒரு கதவின் முன் நிறுத்திவிட்டு எழுந்தேன். கதவுக்கு அப்பால் ஏதோ ஒரு ரோபோ நிற்பதை சென்சார் ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. அது குப்பை அள்ளும் தொழிலாளியா, காவலாளியா என்பதைப் பிரித்துச் சொல்லும் கருவி இரண்டு தளங்களுக்கு முன் என் கண்ணெதிரே கிடந்தது; கனம் என்று அதை எடுக்காமல் வந்துவிட்டேன். இன்றும் நாளையும் எனக்கு இரவு ஷிப்ட். வெள்ளிக்கிழமைவரை அந்தப் புள்ளி அங்கேயே நிற்கும்.